ஆறு பென்னியும் ஒரு துறைமுகமும்

லண்டன் மாநகரின் கிழக்கே, தேம்ஸ் ஆறு குதிரை லாடம்போல் வளைந்து ஓடுமிடத்தில், மூன்று புறமும் நீர் சூழ்ந்த நிலப்பகுதி ஒன்று உண்டு. ஐல் ஆஃப் டாக்ஸ் என்பது அதன் பெயர்; நாய்த் தீவு என்று பொருள். அதன் வடபுறத்தில் 1802ஆம் ஆண்டு ஆகஸ்டுத் திங்களில் மேற்கிந்தியக் கப்பல்துறை திறக்கப்பட்டது. இன்று அங்கே சரக்குக் கப்பல்கள் வருவதில்லை. வங்கிகளின் கண்ணாடிக் கோபுரங்களே வானை அளாவி நிற்கின்றன. அவற்றின் காலடியில், பழைய பண்டகசாலைகளுள் எஞ்சிய இரண்டு, உணவகங்களாகவும் குடியிருப்புகளாகவும் அருங்காட்சியகமாகவும் உருமாறி, நீரில் தம் நிழலைப் பார்த்தபடி இருக்கின்றன. அவ்விடத்தைச் சுற்றிக் காட்டும் நடைச்சுற்றுலா ஒன்றில் நாமும் ஒரு மாலைப்பொழுதில் கலந்துகொண்டோம்.

"இறந்துபோன ஒரு துறைமுகத்துக்குப் புத்துயிர் அளித்த கதையை இரண்டு மணி நேரத்தில் சொல்லப்போகிறேன்" என்றுதான் வழிகாட்டி தொடங்கினார். நல்ல மனிதர், படித்தவர், குரலில் கனிவு இருந்தது. ஆயினும் புத்துயிர் என்னும் சொல் கிறிஸ்தவர்களாகிய நம் செவியில் அத்தனை எளிதாக விழுந்துவிடுவதில்லை. உயிர்த்தெழுந்த ஆண்டவரின் உடலில் காயங்கள் மறைந்துவிடவில்லை. தோமா அவற்றைத் தொட்டுப் பார்க்க அழைக்கப்பட்டார். அப்படியிருக்க, ஓர் இடம் புத்துயிர் பெற்றது என்று சொல்லும்போது உயிர் பெற்றது எது? கல்லும் மரமுமா? நிலத்தின் விலையா? அங்கே வாழ்ந்து உழைத்த மாந்தரா? இவ்வினாவோடுதான் நாம் அன்று நடந்தோம்.

முதலில் வழிகாட்டி நம்மை நிறுத்தியது ஒரு கல்வெட்டின் முன்னே. 1800ஆம் ஆண்டு ஜூலை 12ஆம் நாள், ஒரு சனிக்கிழமையில், இக்கட்டடங்களுக்கு அடிக்கல் நாட்டப்பட்டதை அது அறிவிக்கிறது. பொதுநலம் நாடிய தனியார் சிலர் தம் பொருள் கொண்டு இத்துறையை அமைத்தனர் என்றும், மேற்கிந்தியத் தீவுகளின் கப்பல்களுக்கும் விளைபொருள்களுக்கும் முழுப் பாதுகாப்புத் தருவதே நோக்கம் என்றும், கடவுளின் அருளால் இம்முயற்சி பிரித்தானிய வணிகத்துக்கு நிலைபேறும் வளர்ச்சியும் அழகும் சேர்க்கும் என்றும் அதில் பொறித்திருக்கிறார்கள். கடவுளின் பெயர் இருக்கிறது. அரசின் பெயர் இருக்கிறது. மாநகராட்சியின் பெயரும் இருக்கிறது. அந்த விளைபொருளை விளைவித்தவர்களைப் பற்றி ஒரு சொல்லும் இல்லை.

அந்த விளைபொருள் சர்க்கரை. அதை விளைவித்தவர்கள் ஆப்பிரிக்காவிலிருந்து பிடித்துக்கொண்டு போகப்பட்ட அடிமைகள். இத்துறையை அமைப்பதில் முன்னின்ற வணிகர் ராபர்ட் மில்லிகன் 1809இல் இறந்தபோது ஜமேக்காவில் இருந்த அவருடைய தோட்டங்களில் 526 அடிமைகள் இருந்தனர். இதே பண்டகசாலையின் வாயிலருகே நின்ற அவருடைய வெண்கலச் சிலை 2020ஆம் ஆண்டு ஜூன் 9ஆம் நாள் அகற்றப்பட்டது. சிலை நின்றிருந்த இடத்தைச் சுட்டிக்காட்டிய வழிகாட்டி, "வரலாற்றை அழிக்கிறார்கள் என்று சிலர் வருந்தினார்கள், நீதி கிடைத்தது என்று சிலர் மகிழ்ந்தார்கள்" என்று நடுநிலையாகச் சொல்லிவிட்டு நகர்ந்தார். சிலையை இறக்குவது எளிது என்று நமக்குத் தோன்றியது. ஒரு பாரந்தூக்கியும் ஒரு மாலைப்பொழுதும் போதும்.

சர்க்கரையோடு ரம்மும் காப்பியும் மரங்களும் இங்கே வந்திறங்கின. திருட்டுக்கு அஞ்சித் துறையைச் சுற்றி இருபதடி உயர மதில் எழுப்பினார்கள். காவற்படை வைத்தார்கள். காவலர் ஆயுதம் வைத்திருந்த சிறிய வட்டக் கட்டடம் இன்றும் நிற்கிறது. சுற்றுலாவில் வந்தோர் பலரும் அதன்முன் நின்று படம் பிடித்துக்கொண்டனர். அதே ஆற்றங்கரையின் பிற பண்டகசாலைகளில்தான் இலங்கை மலையகத்தில் தமிழ்ப் பெண்கள் பறித்த தேயிலையும் பிற்காலத்தில் பெட்டி பெட்டியாக அடுக்கப்பட்டது. வழிகாட்டி அதைச் சொல்லவில்லை. அவர் சொல்லவேண்டும் என்பதும் இல்லை. ஆனால் அந்த மதிலோரம் நடக்கையில், இந்தக் கதை முற்றிலும் பிறர் கதை அன்று என்னும் எண்ணம் நமக்கு வந்தது உண்மை.

நம் உள்ளத்தை மிகவும் தைத்தது பொருள்களின் கதையன்று, வாயிற்கதவின் கதை. கப்பலில் சரக்கேற்றவும் இறக்கவும் நிலையான ஆட்கள் மிகச் சிலரே இருந்தனர். மற்றவர் அனைவரும் நாட்கூலி, அதிலும் மணிக்கூலி. விடியற்காலையில் நூற்றுக்கணக்கானோர் வாயிலில் கூடுவர். தேயிலைத் தோட்டங்களில் கங்காணி என்பார்களே, அத்தகைய மேலாள் ஒருவர் வெளியே வந்து, முகம் பார்த்து, தோள் பார்த்து, பெயர் சொல்லி அழைப்பார். அழைக்கப்பட்டவன் அன்று உண்பான். அருகிலிருந்த லண்டன் கப்பல்துறையில் நடந்த இந்த ஆள்பிடிப்பை ஹென்றி மேஹ்யூ என்னும் இதழாளர் 1849இல் நேரில் கண்டு எழுதினார். மேலாளின் கண்ணில் படவேண்டும் என்பதற்காக ஒருவன் முதுகின்மேல் ஒருவன் ஏறியதையும், கைகளை உயர்த்திக் கூவியதையும் அவர் பதிவு செய்துள்ளார். இதே தீவிலிருந்த மில்வால் கப்பல்துறையின் பொது மேலாளரே பாராளுமன்றக் குழு ஒன்றின்முன் ஒரு சாட்சியம் அளித்தார். முதல் நாளிலிருந்து ஒன்றும் உண்ணாத ஆட்கள் வேலைக்கு வருகிறார்கள்; ஒரு மணி நேரம் உழைத்து ஐந்து பென்னி ஈட்டியதும், பசி தாளாமல், அக்காசை வாங்கிக்கொண்டு உணவு தேடிப் போய்விடுகிறார்கள் என்பது அவர் சொன்னதன் சாரம். இதைச் சொன்னவர் தொழிலாளர் தலைவர் அல்லர், முதலாளித் தரப்பினர்.

மத்தேயு நற்செய்தியில் வரும் திராட்சைத் தோட்ட வேலையாட்களின் உவமையை ஞாயிறு திருப்பலியில் எத்தனையோ முறை கேட்டிருக்கிறோம். மாலை ஐந்து மணிவரை சந்தைவெளியில் நின்றவர்கள் சோம்பேறிகள் அல்லர், தங்களை யாரும் வேலைக்கு அழைக்கவில்லை என்றே அவர்கள் விடை சொன்னார்கள் என்பதை மறையுரைகளில் விரைந்து கடந்துவிடுகிறோம். கடைசியில் வந்தவனுக்கும் முழுக் கூலி கொடுத்த தலைவனின் தாராளத்தையே வியக்கிறோம். நாள் முழுவதும் நின்றவனின் கால் வலியை எண்ணுவதில்லை. அழைக்கப்படாமல் நிற்பது ஓர் உழைப்பு. அதற்குக் கூலி இல்லை. கப்பல்துறையின் வாயிலில் நின்றபோது அவ்வுவமை நமக்கு முதன்முறையாகக் கூலியைப் பற்றிய கதையாகக் கேட்டது.

1889ஆம் ஆண்டு ஆகஸ்டு 14ஆம் நாள், இத்துறையின் தென்பகுதியில் நின்ற ஒரு கப்பலின் சரக்குக் கூலி தொடர்பான தகராறில் வேலைநிறுத்தம் மூண்டது. ஐந்து பென்னிக்குப் பதில் மணிக்கு ஆறு பென்னி வேண்டும். அழைத்தால் நான்கு மணி நேர வேலையாவது தரவேண்டும். இவையே அவர்கள் கேட்டவற்றுள் தலையாயவை. பென் டில்லட், டாம் மான், ஜான் பர்ன்ஸ் ஆகியோர் தலைமை தாங்கினர். தொழிலாளர் நாள்தோறும் லண்டன் வணிக வட்டாரத்தின் தெருக்களில் ஊர்வலம் போயினர். தாம் உண்ணும் மீன்தலைகளையும் வெங்காயத்தையும் கழிகளில் குத்தி உயர்த்திக் காட்டினர். நிதி வற்றிப்போகும் நிலையில் ஆஸ்திரேலியாவின் தொழிலாளர்கள் கடல் கடந்து பணம் அனுப்பி அவர்களைத் தாங்கினர். இந்தப் பகுதியைச் சொல்லும்போது வழிகாட்டியின் முகம் மலர்ந்தது. கேட்டவர்களும் மகிழ்ந்தார்கள். நூறாண்டுகளுக்கு முன் வென்ற வேலைநிறுத்தம் எல்லார்க்கும் இனிக்கிறது.

அவர் ஒரே வாக்கியத்தில் கடந்த ஒரு பெயரிடம் நாம் தங்க விரும்புகிறோம். வெஸ்ட்மின்ஸ்டர் பேராயர் கர்தினால் ஹென்றி எட்வர்ட் மானிங் அப்போது 81 வயது முதியவர். மெலிந்த உடல். கப்பல்துறை இயக்குநர்களிடம் சென்றார். மாநகரத் தலைவரிடம் சென்றார். நாட்கள் பல நடந்தார். செப்டம்பர் 10ஆம் நாள் பாப்ளர் பகுதியில் ஒரு கத்தோலிக்கப் பள்ளிக்கூடத்தில் வேலைநிறுத்தக் குழுவினரோடு மணிக்கணக்கில் அமர்ந்து பேசினார். அவர்களுள் ஐரிஷ் கத்தோலிக்கர் பலர் இருந்தனர். கத்தோலிக்கர் அல்லாதாரும் இருந்தனர். ஆறு பென்னியை நவம்பர் 4 முதல் தருவது என்ற உடன்பாடு பிறந்தது. செப்டம்பர் 16ஆம் நாள் வேலை மீண்டும் தொடங்கியது. இருபது மாதங்களுக்குப் பின், 1891ஆம் ஆண்டு மே 15ஆம் நாள், திருத்தந்தை 13ஆம் லியோ தொழிலாளர் நிலை பற்றிய 'ரேரும் நோவாரும்' சுற்றுமடலை வெளியிட்டார். தொழிலாளிக்கும் முதலாளிக்கும் இடையே ஒப்பந்தம் எதுவாயினும், உழைப்பவன் எளிய வாழ்வு வாழப் போதுமான ஊதியம் என்பது அதற்கும் மேலான இயற்கை நீதி என அம்மடல் நிலைநாட்டியது.

மானிங் யாருடைய மகன்? அவருடைய தந்தை வில்லியம் மானிங் மேற்கிந்திய வணிகர்; பாராளுமன்ற உறுப்பினர்; 1812 முதல் 1814 வரை இங்கிலாந்து வங்கியின் ஆளுநர். அவர் குடும்பத்தின் செல்வம் அடிமைகள் விளைவித்த சர்க்கரையின் செல்வம். எந்த வணிகர் கூட்டத்தின் சரக்குக்காக இம்மதில் எழுந்ததோ, அந்தக் கூட்டத்தைச் சேர்ந்தவர் தந்தை. அதே மதிலுக்கு வெளியே நின்ற கூலிகளுக்காக நடந்தவர் மகன்.

இங்கே நாம் தெளிவாகச் சிந்திக்க வேண்டியுள்ளது. தந்தையின் பாவத்தை மகன் சுமப்பதில்லை என்று எசேக்கியேல் இறைவாக்கினர் வழியாக ஆண்டவர் அறிவித்தார். ஆகவே குற்றம் மரபுரிமையாக வருவதில்லை, அதில் ஐயமில்லை. ஆனால் பயன் மரபுரிமையாக வருகிறதே! வில்லியம் மானிங் 1831இல் நொடித்துப்போனார், செல்வம் கரைந்தது. எனினும் மகன் பெற்ற ஆக்ஸ்போர்டு கல்வி கரையவில்லை. பெரிய மனிதர் வீடுகளில் தயக்கமின்றி நுழையும் பழக்கம் கரையவில்லை. அந்தக் கல்வியையும் பழக்கத்தையும் கொண்டுதான் அவர் 1889இல் இயக்குநர்களின் அறைக்குள் நுழைய முடிந்தது. பயன் வருமானால் அதனோடு கடனும் வரும் என்றே நாம் கருதுகிறோம். குற்றவாளி அல்லாதவனும் கடனாளியாக இருக்கலாம். குற்றத்துக்கு வருந்தலாம், மன்னிப்புப் பெறலாம். கடனை அடைக்கத்தான் வேண்டும்.

கடன் என்னும் சொல்லை அந்நாடு அறியாததன்று. 1833இல் அடிமை முறையை ஒழிக்கச் சட்டம் இயற்றியபோது பிரித்தானிய அரசு இரண்டு கோடிப் பவுன் இழப்பீடு ஒதுக்கியது. அடிமைகளுக்கன்று, அவர்களை உடைமையாக வைத்திருந்தவர்களுக்கு! அதற்காக வாங்கிய கடன் 2015ஆம் ஆண்டில்தான் முற்றிலும் தீர்ந்தது. விடுதலை பெற்றவர்களின் கைக்கு ஒரு பென்னியும் போகவில்லை. கணக்கு வைப்பதில் தவறாத ஒரு நாடு, நூற்றெண்பது ஆண்டுகள் கழித்தும் கடனைத் தீர்க்க முடியும் என்பதை இதனால் மெய்ப்பித்திருக்கிறது. யாருக்குத் தீர்த்தது என்பதே கேள்வி.

சுற்றுலாவின் பிற்பகுதி விரைவாக நடந்தது. 1940ஆம் ஆண்டு செப்டம்பரில் விழுந்த குண்டுகளில் பண்டகசாலைகள் எரிந்தன. ஒன்பதில் எஞ்சியவை இரண்டே. பின்னர் கொள்கலக் கப்பல்கள் வந்தன. அவற்றுக்கு இந்நீர் போதவில்லை. ஆட்களும் அத்தனை பேர் தேவைப்படவில்லை. 1980இல் துறை மூடப்பட்டது. 1981இல் அரசு ஒரு வளர்ச்சிக் கழகத்தை நிறுவி, உள்ளூராட்சி மன்றங்களிடமிருந்த திட்ட அனுமதி அதிகாரத்தை அதனிடம் ஒப்படைத்தது. 1998வரை அது இயங்கியது. 1991இல் ஐம்பது மாடிக் கோபுரம் ஒன்று எழுந்தது. முன்பு கேனரித் தீவுகளின் பழங்கள் இறங்கிய துறையாதலால் அவ்விடத்துக்குக் கேனரி வார்ஃப் என்று பெயர். கேனரி என்பதும் நாயைக் குறிக்கும் இலத்தீன் சொல்லிலிருந்து வந்ததென்பர். நாய்த் தீவில் நாய்த் துறை அமைந்தது தற்செயலே.

நேர்மையாகப் பேசுவோமாயின், பழையதை எண்ணி நாம் கண்ணீர் வடிக்கலாகாது. முதுகின்மேல் ஏறிக் கூவும் விடியற்காலைகள் திரும்ப வரவேண்டும் என்று எந்த மனச்சான்று விரும்பும்? பாழடைந்து கிடந்த பண்டகசாலை இடிந்து போவதைவிட அருங்காட்சியகமாக நிற்பது நல்லதுதான். 2003இல் திறக்கப்பட்ட அவ்வருங்காட்சியகம் சர்க்கரையையும் அடிமை முறையையும் பற்றித் தனிக் கூடம் ஒன்றை 2007இல் அமைத்தது. காயத்தை மறைக்காத அச்செயலை நாம் போற்றுகிறோம். குறை அங்கில்லை. அத்தீவின் மக்களிடம் யாரும் கேட்கவில்லை என்பதே குறை. பள்ளியும் பேருந்தும் கடையும் போதவில்லை என்று 1970ஆம் ஆண்டு மார்ச் 1ஆம் நாள் அவர்கள் பாதைகளை மறித்து, தங்கள் தீவு தனிநாடு என்று அறிவித்துப் பார்த்தார்கள். உலகச் செய்தித்தாள்கள் சிரித்தன. 1984இல் படகுகளில் ஏறிப் பாராளுமன்றம்வரை ஊர்வலமாகப் போனார்கள். கோபுரங்கள் எழுந்தபின் அவற்றுள் அமர்ந்து செய்யும் வேலைகள், மூட்டை தூக்கிய கைகளுக்கு உரியவையாக இருக்கவில்லை. வாயில் இருந்தது, மேலாளும் இருந்தார், இவர்களை மட்டும் யாரும் அழைக்கவில்லை.

ஆறு பென்னியின் கேள்வி அத்தோடு ஓய்ந்துவிட்டதா? 2001ஆம் ஆண்டில் கிழக்கு லண்டனின் கத்தோலிக்கப் பங்குகளும் பிற சபைகளும் பள்ளிவாசல்களும் பள்ளிகளும் தொழிற்சங்கங்களும் இணைந்த ஒரு மக்கள் அமைப்பு, வாழ்வூதியம் என்னும் கோரிக்கையை எழுப்பியது. சட்டம் விதித்த குறைந்தபட்சக் கூலியில் ஒரு குடும்பம் வாழ முடியவில்லை. இரண்டு வேலை, மூன்று வேலை பார்த்தும் பிள்ளைகளைக் காண நேரம் கிடைக்கவில்லை என்பதே அவர்களின் முறையீடு. அவர்கள் முதலில் சென்று நின்ற இடங்களுள் ஒன்று கேனரி வார்ஃப். இரவில் அந்த வங்கிகளின் தரையைத் துடைப்போருக்கு, அவற்றின் இலாபத்தோடு ஒப்பிட்டால் துகளளவே ஆகும் ஊதிய உயர்வைக் கேட்டார்கள். பின்வந்த ஆண்டுகளில் சில வங்கிகள் இணங்கின. 1889இல் பேராயர் ஒருவர் நடந்த வழியில் இம்முறை பங்கு மக்களே நடந்தார்கள். பொதுநிலையினராகிய நமக்கு இதில் சிறிது பெருமையும் உண்டு.

இந்த நிகழ்வு நம் வழிகாட்டியின் கையேட்டில் இல்லை. அவரை நாம் குறைசொல்லமாட்டோம். இறந்தவர்களின் போராட்டத்தை நினைவுகூர்வதற்கு நுழைவுச்சீட்டின் விலைக்கு மேல் ஒன்றும் செலவில்லை. உயிரோடிருப்பவரின் போராட்டத்தைச் சொன்னால் கேட்பவர் நெளிவர். நாமும் நெளிந்திருப்போம். சுற்றுலாவின் நடுவே ஒரு பழைய சர்க்கரைக் கிடங்கின் கீழ்த்தளத்தில் அமர்ந்து காப்பி அருந்தியபோது, அந்தக் கோப்பையை எடுத்துப்போனவரின் முகத்தை நாம் நிமிர்ந்து பார்க்கவில்லை என்பது திரும்பும் வழியில்தான் நினைவுக்கு வந்தது.

இரயில் நிலையத்தின் வாயிலில் சுற்றுலா முடிந்தது. இருட்டத் தொடங்கியிருந்தது. கோபுரங்களிலிருந்து வெளியேறும் கூட்டம் ஒருபுறம் நிலையத்துக்குள் இறங்கிக்கொண்டிருக்க, எதிர்ப்புறமாகச் சிலர் மேலே ஏறி வந்தனர். தோளில் பை, காலில் தேய்ந்த காலணி, பல நாட்டு முகங்கள். வழியில் நின்ற நமக்காக அவர்கள் ஒதுங்கி, சுவரோரமாக நடந்து, கட்டடங்களின் பக்கவாயில்களை நோக்கிப் போனார்கள். நம் குழுவிலிருந்த வயது முதிர்ந்த பெண்மணி ஒருவர், அதுவரை ஒரு கேள்வியும் கேட்காதவர், வழிகாட்டியிடம் திரும்பி, "இவர்களுக்கு மணிக்கு எவ்வளவு கொடுக்கிறார்கள்?" என்று கேட்டார்.

வழிகாட்டி சற்றுத் தயங்கினார். "இதை என்னிடம் இதுவரை எவரும் கேட்டதில்லை. விசாரித்து வைக்கிறேன்" என்றார். பிறகு எழுதுகோலை எடுத்துக் கையேட்டின் ஓரத்தில் ஏதோ குறித்துக்கொண்டு, நமக்கு விடைகொடுத்து, அடுத்த குழுவை எதிர்கொள்ளப் படித்துறை நோக்கி நடந்தார்.